அரைப்பேரும் முழுப்பேரும்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஆரையம்பதியில் நடந்த சங்கக் கல்வி முகாமில் ஆற்றிய உரை)



பதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் ரோட்டில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த அக்கா ஒருவர் எங்களிடம் கேட்டார்: "டீச்சர், முகாமில நீங்க எதப் பத்திப் பேசப் போறீங்க?" அமெரிக்காவில் கறுப்பு மக்கள் எழுதிய புத்தகங்களைப் பற்றி, அவர்கள் பட்ட பாட்டைப் பற்றி என்று சொன்னோம். அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏன் டீச்சர், நம்ம கதையவே கேக்க ஆளில்ல. அமெரிக்காக்காரன் கதைய எதுக்குத் தூக்கிக்கிட்டுப் போறீங்க?" என்றார்.

நியாயமான கேள்விதான். அந்த அக்கா இங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார். இன்றைக்குப் பேசுவது முழுக்க அவருக்கான பதில்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். பேர். வெளியாட்களுக்குப் பேர் என்றால் அப்பா அம்மா வைத்தது. நமக்கு அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. காலையில் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, கேட்ட கிலோவை எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று லயத்தில் கேட்டால், கூலி கிடைத்ததா என்று பொருள். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நின்றவள் சாயந்தரம் அரை ஆளாகக் கணக்கில் ஏறுவாள். உலகத்தில் நம்மை மட்டும்தான் இப்படி அரை ஆளாக எண்ணினார்கள் என்று நினைக்கிறோம். அப்படியில்லை.

அமெரிக்கா தன் அரசியல் சட்டத்தை 1787இல் எழுதியது. எந்த மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதி என்று கணக்குப் பார்க்க ஆட்களை எண்ண வேண்டியிருந்தது. தென்பகுதியில் லட்சக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். அவர்களை எப்படி எண்ணுவது என்று சண்டை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஓர் அடிமை, ஐந்தில் மூன்று ஆள். எண்ணியது அவர்களுக்கு வாக்கு கொடுக்க என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களை வைத்திருந்த முதலாளிமாரின் மாநிலங்களுக்குக் கூடுதல் ஆசனம் கிடைக்கத்தான். அரைப்பேரை விடக் கொஞ்சம் கூட. ஆனால் அந்தக் கூடுதலும் துரையின் கணக்கில்தான் ஏறியது.

தேயிலைப் பெட்டியும் கவிதைப் புத்தகமும்

அமெரிக்கக் கதை நம் கைப்பழக்கத்தில் இருக்கும் ஒரு பொருளில்தான் தொடங்குகிறது. தேயிலை. 1773 டிசம்பர் 16ஆம் திகதி, பொஸ்டன் துறைமுகத்தில், பிரிட்டிஷ்காரர்களின் வரியை எதிர்த்து 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது நம்ம தேயிலை இல்லை, சீனத் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 1867இல்தான். பொஸ்டன்காரர்கள் செய்ததை உலகமே விடுதலைப் போராட்டம் என்று பாராட்டுகிறது. எங்கள் பாடசாலைச் சரித்திரப் பாடத்திலும் படித்துக்கொடுக்கிறோம்.

பாடப்புத்தகத்தில் இல்லாதது ஒன்றைச் சொல்கிறோம். தேயிலை கொண்டுவந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் டார்ட்மத். அதே கப்பலில் லண்டனில் அச்சடித்த ஒரு கவிதைப் புத்தகத்தின் பிரதிகளும் வந்தன. எழுதியவள் பொஸ்டனில் அடிமையாக இருந்த ஓர் இளம்பெண், ஃபிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விற்கப்பட்டவள். ஃபிலிஸ் என்பது அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர். வீட்லி என்பது வாங்கியவரின் குடும்பப் பெயர். தாய் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவள் புத்தகத்தின் முன்பக்கத்தில் பொஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஆளுநர் உட்பட. இதை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று சாட்சி. ஒரு கறுப்புப் பெண்ணுக்குக் கவிதை வரும் என்று நம்பவைக்க 18 துரைமாரின் கையெழுத்து தேவைப்பட்டது. நம் பிள்ளைகள் யாராவது நல்ல கட்டுரை எழுதிப் போட்டிக்கு அனுப்பினால், "தோட்டத்துப் பிள்ளையா எழுதினது? டீச்சர் எழுதிக் கொடுத்திருப்பாங்க" என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் நேருக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அதனால் வீட்லியின் கதையை வகுப்பில் சொல்லும்போது எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ரொட்டி கொடுத்து வாங்கிய எழுத்து

அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். ஏன் அவ்வளவு பயம்? அதற்குப் பதில் ஃபிரெடரிக் டக்ளஸின் வாழ்க்கையில் இருக்கிறது.

டக்ளஸ் மேரிலாண்ட் மாநிலத்தில் 1818ஆம் ஆண்டளவில் பிறந்தவர். பிறந்த திகதி அவருக்கே தெரியாது. சின்னப் பையனாகப் பால்டிமோர் நகரத்து வீடு ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு எஜமானி பாவம் பார்த்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கணவன் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டார்: படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவர் வாதம். அந்தத் திட்டைக் காதில் வாங்கிய பையனுக்கு ஒன்று விளங்கியது. இவர்கள் இவ்வளவு பயப்படும் பொருளில் நமக்கு வேண்டியது ஏதோ இருக்கிறது. அதற்குப் பிறகு, தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு வீட்டு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு ஒவ்வோர் எழுத்தாகக் கற்றுக்கொண்டார். 1838இல், சுதந்திரமாக இருந்த ஒரு கறுப்பு மாலுமியின் கடதாசியை இரவல் வாங்கிக்கொண்டு வடக்கே தப்பினார். 1845இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். யாருடைய அடிமையாக இருந்தார், எந்தத் தோட்டத்தில் யார் அடித்தார் என்று பெயர் சொல்லி எழுதினார். பிடித்துக்கொண்டுபோய்விடுவார்கள் என்று தெரிந்தே எழுதினார். பிறகு இங்கிலாந்துக்குப் போக வேண்டிவந்தது. அங்கிருந்த ஆதரவாளர்கள் காசு சேர்த்து அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

தோழர்களே, இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். நாமும் அடிமைகள்தான் என்று மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது சரியில்லை. நம் முப்பாட்டன்மாரை யாரும் சந்தையில் நிறுத்தி விற்கவில்லை. பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பிடுங்கி வேறு ஊருக்கு விற்கும் சட்டம் நம் லயங்களில் இருந்ததில்லை. அந்த வேதனையைக் கடன் வாங்கி நம் வேதனையைப் பெரிதாக்கிக் காட்டத் தேவையில்லை. நம்முடையது நம்முடையதாகவே போதுமான பாரம்.

இரண்டுக்கும் உறவு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தில் அடிமை முறை 1834இலிருந்து நிறுத்தப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீஷியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பிறகு பீஜிக்கும் நம் ஊர் ஏழைகளை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். பீஜிக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடினார் அல்லவா, அந்தக் கூட்டம்தான். இலங்கைக் கோப்பித் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கடதாசி இல்லை, கங்காணி இருந்தார். கங்காணியிடம் வழிச்செலவுக் கடன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடன் தீர வேண்டும். இவ்வளவு கடன் தீர்ந்தால் ஆளை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுப்பதுதான் துண்டு. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். அதுவரை நம் ஆள் ஒருவர் எங்கே போகலாம் எங்கே போகக்கூடாது என்பதை அவர் வாசிக்கத் தெரியாத ஒரு சின்னக் கடதாசி தீர்மானித்தது. டக்ளஸுக்குத் தப்பிப்போகக் கடதாசி தேவைப்பட்டதும், நம் பாட்டனுக்கு மலை மாறக் கடதாசி தேவைப்பட்டதும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு கொடுமையில். எழுதுகிறவன் கையில் அதிகாரம் என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

யார் சொன்ன கதை?

அமெரிக்காவில் அடிமை முறைக்கு எதிராக அதிகம் விற்ற புத்தகம் ஒரு வெள்ளைப் பெண் எழுதியது. ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்', 1852. முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் 3 லட்சம் பிரதிகள் போயின என்பார்கள். எத்தனையோ பேரின் மனதை மாற்றிய நாவல். ஆனாலும் பின்வந்த கறுப்பு எழுத்தாளர்கள் அதோடு விவாதித்தார்கள். நம்மைப் பார்த்து அழவைப்பது ஒன்று, நாமே பேசுவது இன்னொன்று என்பது அந்த விவாதத்தின் சாரம். இரக்கத்துக்கு உரியவராக மட்டும் நம்மைக் காட்டினால், நமக்குக் கோபமும் புத்தியும் சிரிப்பும் உண்டு என்பதை யார் சொல்வது?

நம் பக்கத்திலும் இதே வழக்கு உண்டு. தோட்ட வாழ்க்கையைப் பற்றி முதலில் அச்சில் வந்தவற்றில் ஒன்று 1869இல் வெளியான 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. கும்மி என்றாலும் பாடுவது துரையின் பக்கத்திலிருந்து. அந்த நேரத்தில் நம் பெண்கள் கொழுந்து மலையிலும் தொட்டில் பக்கத்திலும் வேறு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கங்காணியைக் கேலி பண்ணினார்கள், துரையைத் திட்டினார்கள், கண்டிச் சீமைக்கு வந்த வழியை நினைத்து அழுதார்கள். அதை யாரும் எழுதவில்லை. 1920களில் கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் பத்திரிகையையும் துண்டுப் பிரசுரத்தையும் சங்கத்தையும் கொண்டுவந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடினார். கூட்டம் கூடுவது பேச்சுக்கா பாட்டுக்கா என்று சொல்வது கஷ்டம். பிறகு மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், மலைநாட்டு மக்களின் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் லயத்துக் காம்பராவுக்குள்ளிருந்தே கதை எழுதினார்கள்.

டக்ளஸ் தன் புத்தகத்தில் ஒன்றைச் சொல்கிறார். அடிமைகள் பாடுவதைக் கேட்டவர்கள், பாருங்கள், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். அது துக்கத்தின் பாட்டு என்று விளங்கிக்கொள்ள உள்ளே இருந்தவனால்தான் முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் நம் கொழுந்துப் பெண்களைப் போட்டோ எடுத்துப் போகிறார்களே, அந்தப் போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கூடை இழுக்கும் தலைவலி போட்டோவில் விழாது.

மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்கர்கள்

இந்த முகாமை ஏன் ஆரையம்பதியில் வைத்தோம் என்று சிலர் கேட்டார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம் ஆட்களில் பலர் வன்னிக்கும் இந்தக் கிழக்குக்கும்தான் வந்தார்கள். இங்கே நமக்குச் சொந்தம் இருக்கிறது. அது ஒரு காரணம். நம் பேச்சுக்கு வேண்டிய இன்னொரு காரணம், அமெரிக்கக் கதை இந்த வாவிக் கரைக்கே வந்திருக்கிறது.

மட்டக்களப்பு டவுனில் வெபர் மைதானம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் ஓர் அமெரிக்கப் பாதிரியாருடையது. 1940களின் பிற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸிலிருந்து இயேசு சபைக் குருமார் மட்டக்களப்புக்கு வந்தார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார்கள், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார்கள், தமிழ் பேசக் கற்றார்கள், இங்கேயே கிழவர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவர் யூஜின் ஹெபர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பி வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. இன்னொருவர் பென் மில்லர் அடிகளார். அந்தக் கொடுமையான வருஷங்களில் இங்கே சமாதானக் குழுவில் இருந்து, பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மார் சொன்னதைக் கேட்டு, காணாமல் போனவர்களின் பெயர்களைப் பதிந்துவைத்தவர்களில் அவரும் ஒருவர். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபோது பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்பதை மட்டக்களப்புத் தாய்மாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நியூ ஓர்லியன்ஸ் எங்கே இருக்கிறது? லூசியானா மாநிலத்தில். அது கரும்புத் தோட்டத்தின் மாநிலம், அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இருந்த ஊர். சொலமன் நோர்தப் என்று நியூயோர்க் மாநிலத்தில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பு மனிதர். 1841இல் ஏமாற்றிக் கடத்தப்பட்டு, பெயரை மாற்றி 'பிளாட்' என்று கூப்பிடப்பட்டு, நியூ ஓர்லியன்ஸில் விற்கப்பட்டார். பருத்தியிலும் கரும்பிலும் 12 வருஷம் வேலை செய்தார். ஊரில் தெரிந்தவர்களுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து, உண்மையான பெயரோடு ஆள் தேடி வந்த பிறகுதான் 1853இல் மீண்டார். அதே வருஷம் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். பெயர் மாறிப்போனதால் 12 வருஷம் தொலைந்த மனிதர் அவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டக்ளஸ் மேரிலாண்டிலிருந்து தப்பிய அதே 1838இல், அதே மேரிலாண்டில் இயேசு சபைக் குருமார் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை லூசியானாத் தோட்ட முதலாளிகளுக்கு விற்றார்கள். ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கவும் அந்தப் பணம் போனது. மட்டக்களப்புக்கு வந்து சேவை செய்தவர்கள் வெகு காலத்துக்குப் பிறகு பிறந்தவர்கள், அந்தப் பாவத்தை அவர்கள் தலையில் வைக்க நாங்கள் வரவில்லை. நாம் பார்க்க வேண்டியது பிறகு நடந்ததை. விற்றபோது எழுதிய பட்டியல் இருந்தது, ஞானஸ்நானப் பதிவுகள் இருந்தன. அவற்றை வைத்துத் தங்கள் முன்னோரைத் தேடிக் கண்டுபிடித்த வாரிசுகள் கேள்வி கேட்டார்கள். 2017இல் சபையும் பல்கலைக்கழகமும் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. ஒரு கட்டடத்துக்கு ஐசக் ஹோக்கின்ஸ் என்று பெயர் வைத்தார்கள். விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த அடிமையின் பெயர் அது. விற்பதற்காக எழுதிய அதே பட்டியல், 179 வருஷத்துக்குப் பிறகு வாரிசுகளின் கையில் சாட்சியானது.

விடுதலைக்குப் பிறகும் முடியாத வழக்கு

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா? விடுதலையானவர்களுக்குக் கரையோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தருவோம் என்று அந்த வருஷம் ஜனவரியில் இராணுவ உத்தரவு வந்தது. வருஷம் முடியும் முன்னமே புதிய ஜனாதிபதி பெரும்பாலான நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். நிலமில்லாதவர்கள் அதே தோட்டத்தில் வாரத்துக்கு விதைத்து, கடையில் கடன் வைத்து, வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். கணக்குப் புத்தகம் யார் கையில் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1868இல் பிரஜாவுரிமை, 1870இல் ஆண்களுக்கு வாக்குரிமை என்று சட்டம் சொன்னது. தென்மாநிலங்கள் வாக்குக்கு வரி போட்டும், எழுத வாசிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைத்தும் அதைப் பறித்தன. உண்மையில் வாக்குப் போட 1965ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

நம் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1947இல் வாக்குப் போட்டோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்மார் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். லயத்தில் ஒருவரிடமும் கேட்கவில்லை. 2003இல் வந்த சட்டத்தோடுதான் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. நிலம்? 7 பேர்ச் காணிக்கு உறுதி எங்கே என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கனின் 40 ஏக்கரும் நம் 7 பேர்ச்சும் அளவில்தான் வேறு.

விடுதலைக்குப் பிறகு கறுப்பு மக்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. புக்கர் டி. வாஷிங்டன், தானே அடிமையாகப் பிறந்தவர், 1895இல் அட்லாண்டாவில் பேசினார். முதலில் கைத்தொழில் பழகுவோம், உழைத்துக் காசு சேர்ப்போம், உரிமைக்கு இப்போது அவசரப்பட வேண்டாம் என்பது அவர் வழி. டபிள்யூ. ஈ. பி. டுபோயிஸ் 1903இல் புத்தகம் எழுதி மறுத்தார். வாக்கு இல்லாமல், உயர்கல்வி இல்லாமல், சம்பாதித்ததைக் காப்பாற்றுவதே முடியாது என்றார். இந்த விவாதத்தை நாம் லயத்து வாசலில் தினமும் கேட்கிறோம். பையனைச் சீக்கிரம் கொழும்புக் கடைக்கு அனுப்புவதா, உயர்தரம் வரை படிக்க வைப்பதா? சங்கத்துக்குச் சந்தா கட்டுவதா, அந்தக் காசைச் சீட்டில் போடுவதா? வாஷிங்டன் மோசமானவர் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பசித்த வீட்டில் நின்று பேசியவர் அவர். ஆனால் சரித்திரம் டுபோயிஸ் சொன்ன பக்கம் சாய்ந்தது. தொழில் தெரிந்தும் வாக்கில்லாதவனின் கடையை எரித்தார்கள்.

1968இல் மெம்பிஸ் நகரத்தில் குப்பை அள்ளும் தொழிலாளர் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குப்பை லொறியின் இயந்திரத்தில் அகப்பட்டு இரண்டு தொழிலாளர் செத்ததுதான் தொடக்கம். அவர்கள் தூக்கிய அட்டையில் ஒரே வசனம்: நான் ஒரு மனிதன். சம்பளத் தொகை அதில் இல்லை. அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆம் திகதி சுடப்பட்டார். அதே மாதம் 16ஆம் திகதி நகரசபை சங்கத்தை அங்கீகரித்து, சம்பளத்தையும் கூட்டியது. ஐந்தில் மூன்று ஆள் என்று எழுதிய நாட்டில், நான் முழு ஆள் என்று சொல்ல 181 வருஷத்துக்குப் பிறகும் ஒரு சங்கம் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

நாம் செய்ய வேண்டியது

பஸ்ஸில் கேட்ட அக்காவுக்கு இப்போது நேராகப் பதில் சொல்கிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு நாள், உங்கள் பாட்டியின் பெயரை எழுதுங்கள் என்றோம். பிள்ளைகளில் பாதிப் பேர் 'அப்பாயி', 'அம்மாயி' என்று எழுதினார்கள். பெயர் தெரியாது. ஃபிலிஸ் வீட்லியின் தாய் வைத்த பெயரை அடிமைக் கப்பல் தின்றது. நம் அப்பாயியின் பெயரை யார் தின்றது? பக்கத்துக் காம்பராவில்தான் அவர் இருக்கிறார்.

இன்னொன்று. நாங்கள் கூடப் போய் அலைந்த ஒரு பென்சன்கார அம்மாவின் வழக்கு. நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், கல்யாணப் பதிவில் மூன்றாவது பெயர். மூன்றும் அவர்தான். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். வாசிக்கத் தெரியாத அம்மா கைநாட்டு வைத்துவிட்டார். சேமலாப நிதிக் காசுக்கு மூன்று வருஷம் அலைந்தோம். கடைசியில் காப்பாற்றியது, கூட வேலை செய்த கிழவிமார் இரண்டு பேரின் வாய்மொழிச் சாட்சியை எழுதிச் சத்தியக் கடதாசி கொடுத்தது. காசு வந்தபோது சாட்சி சொன்னவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. இன்னும் ஒரு வருஷம் பிந்தியிருந்தால்?

அமெரிக்காவில் 1936இலிருந்து 1938 வரை, அரசாங்கமே வேலையில்லாத எழுத்தாளர்களை அனுப்பி, அடிமையாக இருந்து இன்னும் உயிரோடு இருந்த 2,300க்கு மேற்பட்ட முதியவர்களின் வாய்மொழியைப் பதிந்தது. ஒரு குறையும் இருந்தது. கேட்கப் போனவர்களில் அநேகம் பேர் வெள்ளையர். பழைய முதலாளிகளின் ஊரில் இருந்துகொண்டு கிழவன் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வான்? அதற்கு முன்னமே, 1927இல் சோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்புப் பெண், கடைசி அடிமைக் கப்பல்களில் ஒன்றில் வந்த ஒரு கிழவரைத் தேடிப் போனார். பழமும் இறைச்சியும் கொண்டுபோய், அவர் பேச விரும்பிய நாளில் கேட்டு, பேச விரும்பாத நாளில் திரும்பி வந்தார். அவர் பேசிய பேச்சை அப்படியே எழுதினார். நல்ல ஆங்கிலத்தில் மாற்று என்று பதிப்பகம் கேட்டது, மாட்டேன் என்றார். அந்தப் புத்தகம் 2018இல்தான் வெளிவந்தது. எழுதி வைத்திருந்ததால் வந்தது.

ஆகவே இந்த முகாமின் வேலையாக நாங்கள் முன்வைப்பது இது. ஒவ்வொரு லயத்திலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, ஒரு சீயார் கொப்பி. லயத்தில் அறுபதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: உங்கள் முழுப்பெயர் என்ன, யார் வைத்தது? அப்பா அம்மாவின் பெயர்? இந்தியாவில் எந்த ஊர் என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? எந்த எந்தத் தோட்டத்தில், எந்த வருஷம் பேர் பதிந்தீர்கள்? சொந்தத்தில் யார் யார் கப்பலேறிப் போனார்கள், கடைசிக் கடிதம் எப்போது வந்தது? அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். "வந்துச்சு" என்றால் "வந்தது" என்று திருத்த வேண்டாம். பாட்டுப் பாடினால் பாட்டையும் எழுதுங்கள். அழுதால் பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

கொப்பியில் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில். காசுக்கு, காணிக்கு, பென்சனுக்கு என்று வழக்கு வரும்போது அது சாட்சி. வழக்கு வராவிட்டால், நம் பிள்ளைகளுக்கு அது சரித்திரப் பாடம். பெயர் எழுத்து வித்தியாசத்தைக் கண்டால் அப்போதே சங்கத்துக்குச் சொல்லுங்கள், ஆள் உயிரோடு இருக்கும்போதே திருத்துவோம்.

அக்கா, அமெரிக்காக்காரன் கதையை எதுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று கேட்டீர்கள். செக்ரோல் துரையின் புத்தகம். அதில் நமக்கு அரைப்பேரும் விழும், முழுப்பேரும் விழும். அவர்களும் அப்படியொரு புத்தகத்தில் இருந்தவர்கள். பிறகு தங்கள் புத்தகத்தைத் தாங்களே எழுதினார்கள். அது முடியும் என்று காட்டத்தான். இன்றைக்குச் சாயந்தரம் வாவிக் கரையில் உட்காரும்போது முதல் கொப்பியை உங்களிடமிருந்தே தொடங்கப் போகிறோம். உங்கள் அப்பாயியின் பெயரை இப்போதே யோசித்து வையுங்கள்.